ஏரி மட்டம்

மாலவரம் ஏரி இனி இல்லை என்று, விற்றவர்களும் வாங்கியவர்களும் நடுவில் நின்று கைமாற்றிவிட்ட தரகர்களும் ஒருமனதாக முடிவு செய்து, அதன் வயிற்றில் செம்மண் கொட்டி நிரவி, கல் நட்டு, ரோடு போட்டு, முகப்பில் லேக் வியூ நகர் என்று வளைவு வைத்து, அந்த வளைவின் கீழே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி தெரியவில்லையே என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளாமல், வீடு கட்டி, பால் காய்ச்சி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்குக் காது குத்தி, அவர்களில் சிலருக்குக் கல்யாணமும் ஆன பிற்பாடுதான், ஒரு புரட்டாசி மாதத்து முற்பகலில், ஜெசிந்தாவின் தொட்டில் தரையை விட்டு நாலு விரற்கடை மேலே எழுந்து நின்றது.

அவள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிலுக்குள் அமலி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு அலறக்கூடாது என்பது எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்ததாகையால், ஜெசிந்தா புளிக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, மண்டியிட்டு, துடைப்பத்தைத் தொட்டிலின் கால்களுக்கு அடியில் விட்டுப் பார்த்தாள். துடைப்பம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. மறுபடியும் விட்டுப் பார்த்தாள். மறுபடியும் வந்தது.

பெருங்காயம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பச்சையம்மா வாசலிலேயே நின்றாள்.

"இன்னாடி ஜெசி, தொட்டிலு தூக்கிக்கினு கீது?"

"ஆமாக்கா. இப்பத்தான்."

"பரவால்ல. கூட்றதுக்கு சவுரியம்" என்று சொல்லிவிட்டுப் பெருங்காய டப்பாவோடு போய்விட்டாள்.

அந்தத் தொட்டில் கடையில் வாங்கியதல்ல. கடையில் வாங்கிய தொட்டில் ஒன்று முன்பு இருந்தது. அமலி பிறந்த சந்தோஷத்தில், தண்ணி லாரி ஓட்டும் ஆரோக்கியம், பைபாஸ் ரோட்டுக் கடையில் பளபளவென்று மினுங்கிய பலகைத் தொட்டில் ஒன்றை லாரியின் மேலேயே கட்டி எடுத்து வந்தான். அதன் பசை நெடி கண்ணைக் கரித்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நெடி போகவில்லை, பிள்ளையின் நெஞ்சில் விசில் வந்தது. பால் குடிக்கும்போது விசில், தூங்கும்போது விசில், அழுகையின் நடுவில் மூச்சு இழுக்கும்போது பெரிய விசில். "வீட்டுல புதுசா பர்னிச்சர் ஏதாவது வாங்கினீங்களா? அந்தப் பலகையை ஒட்டுற பசை இது" என்று டாக்டர் சொன்ன சாயங்காலமே ஜெசிந்தா தொட்டிலைத் தெருவுக்கு இழுத்துத் தள்ளிவிட்டாள். பிள்ளையைத் தரையில் பாய் போட்டு விட்டாள். தரையோ சித்திரை வெயிலிலும் வியர்க்கிற தரை. பாயின் அடிப்பக்கம் கறுத்தது, தலையணையில் பூஞ்சை பூத்தது, விசில் திரும்பி வந்தது. மேலே பசை, கீழே ஈரம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையைக் கிடத்த ஒரு முழ இடம் உலகத்தில் இல்லை என்று ஆனபோது, அவள் அமலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குள் நடந்தாள், சந்தில் நடந்தாள், தெருக்கோடிவரை நடந்தாள், தெருவும் முடிந்த இடத்தில் ஏரியின் மிச்சமாகக் கிடந்த குட்டையின் கரையில் போய் நின்றாள்.

குட்டை முழுக்க ஆகாயத்தாமரை. தண்ணீர் என்று ஒரு சொட்டு கண்ணுக்குத் தெரியாமல், பச்சையாக, ஊதாப் பூ பூத்து, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து மண்டிக் கிடந்தது. ஒரு தண்டைப் பிடுங்கிக் கீறிப் பார்த்தாள். உள்ளே எல்லாம் காற்று. இத்தனை மூச்சை வைத்துக்கொண்டு யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறதே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

தண்டுகளை அறுத்துக் கூரை ஷீட்டின் மேல் எறிந்து காய வைத்தாள். நறுக்கினாள், இடித்தாள், நாராக்கினாள். கான்வென்டில் பிளஸ் டூ வரை படித்த வேதியியலில் எது ஞாபகம் இருந்ததோ அதை வைத்துக்கொண்டு பசை காய்ச்சினாள். மைதாப் பசைக்குக் கரப்பான் வந்தது. கஞ்சிப் பசைக்குப் பூஞ்சை வந்தது. ஒரு பலகை அப்பளமாக வளைந்தது, இன்னொன்று ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. கடைசியில், தெருப் பெண்கள் குப்பையில் கொட்டும் புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக்கிக் கொதிக்க வைத்தபோது, கரண்டியை விட்டு இறங்க மறுக்கிற ஒரு பசை வந்தது. பூச்சிக்குக் கொஞ்சம் வேப்பெண்ணெய், ஈரத்துக்கு மேலே ஒரு பூச்சு முந்திரிக்கொட்டை எண்ணெய். மூடிப்போன பிளைவுட் கம்பெனியில் இரும்பு விலைக்குப் போக இருந்த ஹாட் பிரஸ்ஸை ஆரோக்கியம் லாரியில் கட்டிக்கொண்டு வந்தான். கையெல்லாம் கொப்புளமாக, அவள் அதில் அழுத்தி எடுத்த பலகை பனைவெல்ல நிறத்தில் இருந்தது. தூக்கினால் பலகை மாதிரியே இல்லை, அவ்வளவு லேசு. மோந்து பார்த்தால் லேசாகப் புளி வாசம். அதில் செய்த தொட்டிலில் அமலி படுத்த முதல் மதியம், ஜெசிந்தா பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசில் வரவில்லை. வரும் வரும் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். வரவேயில்லை.

பிறகு பச்சையம்மாவும் தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குட்டையின் ஆகாயத்தாமரை நாற்காலியாக, ஸ்டூலாக, டீப்பாயாக, கட்டிலாக மாறித் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறிக்கொண்டது. மரம் வெட்டாத, நெடியில்லாத நாற்காலி என்று கேள்விப்பட்டு தாலுகா ஆபீஸ் வாங்கியது, கோர்ட் வாங்கியது, ஆஸ்பத்திரி கட்டில் வாங்கியது. போட்டோ பிடித்தார்கள். ஜெசிந்தா இடுப்பில் பிள்ளையோடு போட்டோவில் நின்றாள்.

இப்போது அவையெல்லாம் எழுந்தன.

முதல் நாள் நாலு விரல், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு என்று அவசரமே இல்லாமல் ஏறி, ஓரிடத்தில் நின்றன. காற்றில் அசையவில்லை, மிதந்தன. தட்டினால் லேசாக ஆடி, திரும்பித் தன் இடத்துக்கே வந்தன. ஆள் உட்கார்ந்தால் தரைக்கு இறங்கின, எழுந்தால் கூடவே எழுந்தன. தெரு இதைப் பற்றி இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் கயிறு வாங்கியது. டீப்பாயின் மேல் அம்மிக்கல் வைத்தார்கள். ஸ்டூல்களை ஜன்னல் கம்பியில் மாட்டைக் கட்டுவதுபோல் கட்டினார்கள். ஆடு ஏறாது என்று வெங்காயத்தையும் முருங்கைக்காயையும் மிதக்கிற பெஞ்சில் பரப்பிக் காய வைத்தார்கள். எந்த வீட்டு மருமகள் உட்கார்ந்தால் நாற்காலி தரை தொடுகிறது, எவள் உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது என்று பார்த்து, "உன் மாமியாரு உனக்குச் சோறு போடுதா இல்லியா?" என்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு சாண் எழுந்து நின்றதைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா, பொண்ணு அடக்கமாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப எளைச்சிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஜ்ஜி சாப்பிட்டாள்.

கொத்தனார் ஏழுமலைதான் அந்த உயரத்தை அளந்து பார்த்தான். தெருவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவன், முகப்பு வளைவுக்குப் பக்கத்தில் மேட்டில் மாடி வீடு கட்டியிருந்தவன், தன் வீட்டு நாற்காலி மட்டும் எழவேயில்லை என்பதில் கொஞ்சம் மனக்குறைப்பட்டு, தளம் போடுகிறபோது மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். பச்சையம்மா வீட்டு ஸ்டூலுக்கு ஒரு முனை, பிள்ளையார் கோவிலடி டெய்லர் வீட்டுப் பெஞ்சுக்கு ஒரு முனை. குழாயில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஏழுமலை வீட்டுக்கு அடுத்த வீட்டில் கணுக்கால் உயரம், நடுத்தெருவில் இடுப்பு உயரம். தரைதான் ஏறி இறங்கியது, நாற்காலிகள் எல்லாம் ஒரே மட்டம். தெருவின் கடைசி வீடான, ஏரியின் அடிவயிறான ஜெசிந்தாவின் வீட்டில், மிதந்த தொட்டிலின் அடிப்பலகை அவளுடைய தாடையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஏழுமலை குழாயைச் சுருட்டினான். நெற்றியைத் துடைத்தான்.

"ஏரி மட்டம்" என்றான் மெதுவாக. "நெறஞ்சி நின்னா இவ்ளோ நிக்கும். அந்த நெனப்புலதான் நிக்குது இதெல்லாம்." பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "வெளிய சொல்லிக்காத தங்கச்சி" என்றான்.

ஜெசிந்தா வெளியே சொல்லவில்லை. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை உயரத்தில் மிதந்த தொட்டிலில் அமலி நன்றாகத் தூங்கினாள், விழித்தால் விளிம்புக்கு வெளியே கையை நீட்டி ஒன்றுமில்லாத காற்றைத் தப்புத் தப்பென்று அடித்தாள், துழாவினாள், கையை முகத்தருகே கொண்டுவந்து விரல்களை உற்றுப் பார்த்துச் சிரித்தாள். விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் தொட்டிலை இறக்கி ஜன்னல் கம்பியில் கட்டிய அன்றைக்குப் பிள்ளை வேறு மாதிரி ஆனது. கன்னத்தை உப்பிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தாள். அடக்கிப் பார்த்து, முடியாமல், இழுத்தாள். இழுத்தபோது விசில் வந்தது.

கயிற்றை அவிழ்த்தாள். தொட்டில் மேலே போனது. விசில் நின்றது.

மறுபடி கட்டினாள், வந்தது. அவிழ்த்தாள், நின்றது. அதற்குப் பிறகு அவள் தொட்டிலைக் கட்டவில்லை. தாடையில் தொட்டிலை முட்டக் கொடுத்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டாள், நின்றுகொண்டே கண்ணயர்ந்தாள். இந்த வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஏரி நிற்கிறது, நான் அதற்குள் நடமாடுகிறேன், என் பிள்ளை மட்டும் அதன் மேலே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துபோயிருந்தது. புரிந்ததை யாரிடம் கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"வேற எங்கயாவது போயிடலாங்க" என்றாள் ஆரோக்கியத்திடம்.

"எங்க?" என்றான் அவன். கோபமாக அல்ல, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவனாக.

அப்போதுதான், ஏரிகளையெல்லாம் அளந்து மீட்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது, தாசில்தாரம்மாவே நேரில் வருகிறார் என்ற சேதி வந்தது. பக்கத்து ஏரியில் குடியிருந்தவர்களை ஒரே நாளில் லாரியில் ஏற்றி, பஸ் போகாத ஊரில் அடுக்குமாடி வீட்டில் விட்டுவிட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடை வாசலில் கூட்டம் கூடியது.

"நாக்காலி மெதந்தா ஏரின்னு ஆயிடும்" என்றான் ஏழுமலை. "மெதக்கலன்னா ஊருதான். அவ்ளோதான் விசயம். அந்தம்மா வர்றப்ப ஒரு நாக்காலி காலியா இருக்கக் கூடாது. ஆளு பத்தலன்னா சொந்தக்காரனக் கூட்டியாந்து குந்த வைங்க. எவனும் எழுந்துக்காதீங்க. தெருவே உக்காந்திருக்கணும்."

"வந்தவங்களப் பாத்து எழுந்துக்காட்டி மருவாதி இல்லன்னு நெனைக்கமாட்டாங்களா?" என்று டெய்லர் கேட்டார்.

"மருவாதியா வீடான்னு நீயே முடிவு பண்ணிக்க."

ஜெசிந்தா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள். "அண்ணே, அது ஏரி மட்டம்னு நீங்கதானே பாத்தீங்க. எங்க வீட்டுல என் தாடை வரைக்கும் வருது. நாளைக்குத் தண்ணியே வந்தா? யாராவது பெரிய ஆளுங்ககிட்ட சொல்லி..."

"சொல்லி?" என்றாள் பச்சையம்மா. "எங்க போவ? அஞ்சாவது மாடியில குந்திக்கினு எந்தக் குட்டையில ஆகாயத்தாமரை அறுப்ப? வாய மூடிக்கினு இரு ஜெசி. உன் தொட்டில நல்லா இறுக்கிக் கட்டு. அன்னைக்கு ஒரு நாளு. நம்ம எல்லாருக்கும் வேண்டி."

அன்றைக்குத் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. வெளியூரிலிருந்து அத்தைகள் வந்திருந்தார்கள், பெரியப்பாக்கள் வந்திருந்தார்கள், பழக்கமில்லாத வீடுகளில் பழக்கமில்லாதவர்கள் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, ஒன்றுக்குப் போகக்கூட எழாமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கால்களில் அம்மிக்கல்லும் கம்பியில் கயிறுமாக, தொட்டில் தரையில் இருந்தது. அமலி கன்னத்தை உப்பிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். கொஞ்ச நேரம்டி என் தங்கம், கொஞ்ச நேரம் என்று ஜெசிந்தா உதட்டை அசைக்காமல் கெஞ்சினாள்.

தாசில்தார் இந்திரலேகா நிறைமாசம். வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சர்வேயரைக் குடையோடு தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, தனியாக, வீடு வீடாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லா வீட்டிலும் எல்லோரும் உட்கார்ந்தபடியே கும்பிட்டார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வீட்டு வாசலில் அவருடைய நிழல் விழுந்தது. பின்னாலேயே ஏழுமலை, சட்டையில் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு.

அந்த நேரத்தில் அமலியின் நெஞ்சில் விசில் வந்தது.

ஜெசிந்தா எழுந்துவிட்டாள்.

பிற்பாடு தெருவே அவளைச் சூழ்ந்துகொண்டு ஏண்டி எழுந்தே, ஏண்டி எழுந்தே என்று கேட்டபோது, பழக்கம் என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. வாசலில் பெரியவர்கள் நிழல் தட்டியதுமே பெஞ்சு சத்தம் வராமல் எழுந்து கைகட்டி நிற்கவேண்டும் என்று சிஸ்டர்கள் பன்னிரண்டு வருஷம் உடம்புக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், உடம்பு எழுந்துவிட்டது. அல்லது ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்க, தான் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தாள். அல்லது விசில். எது என்று அவளுக்கே தெரியாது. அவள் எழுந்தாள், அவளுக்குப் பின்னால் நாற்காலியும் எழுந்தது. முதுகை உரசிக்கொண்டு, தோளை உரசிக்கொண்டு, ஏறி, அவள் தாடை உயரத்தில் வந்து, லேசாக ஆடி நின்றது.

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டான்.

இந்திரலேகா நாற்காலியைப் பார்த்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்து, ஒரு பக்கம் முதலில், அப்புறம் மறுபக்கம் என்று சாய்த்துச் சாய்த்துத் தரைக்குக் கொண்டுவந்து, அது திமிறுவதற்குள் உட்கார்ந்தார். தினமும் செய்கிறவர் கை அது.

"நைலான் கயிறு போட்டிருக்கீங்களே" என்றார், தொட்டிலைப் பார்த்து. "அது வழுக்கும். தேங்காய் நார்க் கயிறு போடுங்க. எங்க ஆபீஸ்ல அதான் கட்டியிருக்கோம்."

ஏழுமலை கண்ணைத் திறந்தான்.

"எங்களுக்கு ஃபேன் உயரம்" என்றார் அவர். "முதல்ல ஃபைல் வைக்கிற ரேக் போச்சு. அப்புறம் என் நாற்காலி. இப்ப எல்லாத்தையும் கட்டிட்டோம். கோர்ட்லயும் கட்டிட்டாங்க."

"ஆஸ்பத்திரி, மேடம்?" ஜெசிந்தா தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கட்டில்தானே. ஆள் படுத்திருக்கிறதால இறங்கித்தான் இருக்கு. டிஸ்சார்ஜ் ஆனாதான் கஷ்டம்."

ஏழுமலைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகம் விரிந்தது. "அப்ப எங்கள காலி பண்ண மாட்டீங்களா மேடம்?"

"உங்களைக் காலி பண்ணணும்னா நான் என்னைக் காலி பண்ணணுமே. எங்க ஆபீஸும் ஏரிதானே."

அவன் சந்தோஷம் தாங்காமல் தெருவுக்கு ஓடினான். வீட்டில் இரண்டு பெண்களும் விசில் சத்தமும் மட்டும்தான். ஜெசிந்தா குனிந்து தொட்டில் கயிற்றை அவிழ்த்தாள், அம்மிக்கல்லைத் தள்ளினாள். தொட்டில் தன் உயரத்துக்குப் போய் நின்றது. விசில் அடங்கியது. அமலி கையை வெளியே போட்டுக் காற்றை அடித்தாள். இந்திரலேகா அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்க யார்கிட்டதான் மேடம் சொல்றது?"

"நானும் மேல சொல்லலாம்னு போனேன்மா. உள்ள பேசிட்டிருக்காங்க, உக்காருங்கன்னாங்க. உக்காந்தேன். அந்தப் பெஞ்சுக்கும் கயிறு கட்டியிருந்துச்சு." அவர் சிரிக்க முயன்று முடியாமல் வயிற்றைத் தடவிக்கொண்டார். "சொல்லாமயே திரும்பி வந்துட்டேன்."

எழுந்துகொள்ளும்போது நாற்காலி பறந்துவிடாமல் ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். வாசல் வரை போன தாசில்தாரம்மா திரும்பினார்.

"எனக்கு ஒரு தொட்டில் செஞ்சு குடு. அதை மட்டும் நான் எதுலயும் கட்டப்போறதில்ல."

அன்று தெருவில் வெடி வெடித்தார்கள். பாயசம் வைத்தார்கள். எழுந்ததற்காகத் திட்டிய வாய்களே, அவள் எழுந்ததால்தானே உண்மை வெளியே வந்தது என்று ஜெசிந்தாவைக் கட்டிக்கொண்டன. அடுத்த வாரம் தேங்காய் நார்க் கயிறு ஒரு வண்டி வந்து இறங்கியது. எல்லா வீட்டிலும் எல்லாச் சாமானையும் அசையாமல், சத்தம் போடாமல், வெங்காயம் காய வைக்கக்கூட உதவாமல் தரையோடு தரையாகக் கட்டினார்கள். ஜெசிந்தா ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றாள்.

"கயிறை அவுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன். அது நமக்கு இவ்வளவு வரும்னு காட்டுது. அதைக் கட்டிட்டா, வர்றப்ப அதுவும் நம்மகூட உள்ளதான் இருக்கும்."

"கவர்மென்ட்டே கட்டிக்கினு குந்திக்கினு கீது" என்றான் ஏழுமலை, "நீ இன்னா தங்கச்சி, கவர்மென்ட்ட விட பயந்தவளா?"

ஆமாம் என்றாள் ஜெசிந்தா. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

தாசில்தாரம்மாவுக்குத் தொட்டில் செய்து அனுப்பினாள். அப்புறம் நிறுத்தவில்லை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் செய்தாள். தண்டு அறுத்தாள், பசை காய்ச்சினாள், பச்சையம்மாவின் கனத்தைத் தாங்குகிற அகலத்தில் ஒரு கட்டில் அழுத்தி எடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லி அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பச்சையம்மா நெகிழ்ந்துபோய், அன்றைக்கே புதுக் கயிற்றில் நாலு காலையும் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் ஒரு நாள் மழை விட்டு, மதியம் மஞ்சள் வெயில் அடித்தது. துணி காயப்போடக் கொடி கட்டினார்கள். ஆரோக்கியம் பைபாஸ் தாண்டி ஏதோ கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் லாரி கொண்டுபோயிருந்தான். அந்த வெயிலில், குட்டைப் பக்கத்திலிருந்து, முதலில் ஊதாப் பூக்கள் வந்தன. சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் கதவைத் தட்ட மாட்டார்களே, அதுபோல ஆகாயத்தாமரை சந்துக்குள் நுழைந்து, படியேறி, வாசல் தாண்டி உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது.

ஜெசிந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். சந்தில் இழுப்பு அவள் காலை வாரியது. வாசல் சட்டத்தைப் பிடித்துத் திரும்பி உள்ளே வந்தாள். மாடி இல்லாத வீடு, மேலே ஷீட். முழங்கால். இடுப்பு. தொட்டில் எப்போதும்போல் அவள் தாடை உயரத்தில், இன்னும் தண்ணீர் வராத காற்றில், அசையாமல் இருந்தது. அமலியை அதில் கிடத்தினாள். கிடத்திவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல எடுத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பச்சையம்மா அலறினாள். "ஜெசீ! கட்டிலு உள்ளயே கீதுடி! வரமாட்டேங்குது!"

"அக்கா, அருவாமனை! கயிற அறுங்க!"

"கயிறு கெட்டியா கீதுடி பாவி..."

"அறுங்கக்கா! மூச்சப் பிடிச்சிக்கிட்டு உள்ள போய் அறுங்க! ஒரு கால் மட்டும் அறுத்தாப் போதும், மத்தது வந்துடும்!"

சத்தம் இல்லை. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. ஜெசிந்தா சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, அதற்கு மேல் வார்த்தை வராமல், அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, டொப் என்று ஒரு சத்தம். கூடவே தண்ணீரைத் துப்பிக்கொண்டு பச்சையம்மா வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுகிற சத்தம். அப்படி ஒரு வசவை ஜெசிந்தா அதற்கு முன்பு காதால் கேட்டதில்லை, அப்படி ஒரு சந்தோஷத்தையும் அடைந்ததில்லை.

"அக்கா, அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்க! கயிற அறுக்கச் சொல்லுங்க!"

பச்சையம்மா கத்தினாள். அவளுக்கு அடுத்த வீட்டில் கத்தினார்கள். கயிறை அறு, கயிறை அறு என்று குரல் சுவர் தாண்டிச் சுவர் தாண்டித் தெருவேறிப் போக, எங்கெங்கோ டொப், டொப் என்று கட்டில்களும் பெஞ்சுகளும் மேலே வருகிற சத்தம் கேட்டது. சில வீடுகளிலிருந்து அந்தச் சத்தம் வரவில்லை. அந்த இடைவெளிகளையும் அவள் கேட்டாள்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தொட்டிலை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, குதிகாலைச் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, பெரியவர்கள் யாரோ அறைக்குள் வந்துவிட்டதுபோல் ஜெசிந்தா நின்றாள். இதற்கு மேல் வராது. மட்டம் இதுதான். இதற்கு மேல் வராது. வந்தால்? வராது. தண்ணீர் அவள் தாடையைத் தொட்டது, அதே கணத்தில் தொட்டிலின் அடிப்பலகையையும் தொட்டது. தொட்டில் ஆடவில்லை. அது புரட்டாசியிலிருந்தே அங்கேதான் மிதந்துகொண்டிருந்தது.

அமலி விழித்துக்கொண்டாள். விசில் இல்லை. விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, தினமும் செய்வதுபோலத் தப்புத் தப்பென்று அடித்தாள். தண்ணீர் தெறித்து அம்மாவின் கண்ணில் விழுந்தது. பிள்ளை கையை முகத்தருகே கொண்டுவந்து, நனைந்த விரல்களைப் பார்த்தாள். அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை.